தண்டையார்பேட்டையிலிருந்து உட்லண்ட்ஸ்: நேர் விமானமா, கொழும்பு வழியா, கோலாலம்பூர் வழியா?

சிங்கப்பூருக்குப் போக ஆறே முக்கால் மணி நேரம், திரும்பி வர ஒன்றே முக்கால் மணி நேரம்தான் என்று என் மச்சான் அடித்துச் சொன்னார். கையில் நேர் விமானத்தின் நேர அட்டவணை இருந்தது. இரவு 11 மணிக்குச் சென்னையில் கிளம்பி விடிகாலை 5.45க்குச் சிங்கப்பூரில் இறங்குகிறோம். திரும்பும்போது இரவு 8 மணிக்கு அங்கே ஏறி 9.45க்கு மீனம்பாக்கத்தில் இறங்குகிறோம். "காற்று அடிக்கும் திசை அப்படி" என்று காரணமும் சொன்னார்.

காற்றுக்கு அவ்வளவு வலிமை கிடையாது. சிங்கப்பூர்க் கடிகாரம் நம்முடையதைவிட இரண்டரை மணி நேரம் முந்தி ஓடுகிறது. போகும் கணக்கில் இரண்டரையைக் கழியுங்கள், வரும் கணக்கில் கூட்டுங்கள். இரண்டு பக்கமும் நாலே கால் மணி நேரம் வரும். அந்தக் காலத்தில் சிங்கப்பூர்ச் சபுராளிகள் (கடல் தாண்டிப் பிழைக்கப் போனவர்கள்) இரண்டு மணி நேர வித்தியாசம் என்றே சொல்லி வந்தார்கள். அதுவும் சரிதான். 1982 ஜனவரி 1 அன்று சிங்கப்பூர் தன் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளி வைத்துக்கொண்டது, மலேசியாவோடு ஒத்துப்போவதற்காக. அதனால்தான் அங்கே காலை ஏழு மணி வாக்கில்தான் பொழுது விடிகிறது.

பேச்சு எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடுகிறேன். நாங்கள் வடசென்னைத் தண்டையார்பேட்டை. என் தங்கை சிங்கப்பூரில் உட்லண்ட்ஸில் இருக்கிறாள். அவள் மகளுக்கு மஞ்சள் நீராட்டு. தாய்மாமன் நான் போகாமல் முடியாது. பேத்தியைப் பார்க்க அம்மாவும் வர வேண்டும். அம்மாவுக்கு 74 வயது. படி ஏறினால் முழங்கால் அழும். எப்படிப் போவது என்பதில் வீட்டில் இரண்டு வாரம் சபை கூடியது. மச்சான் கோலாலம்பூர் கட்சி, என் மனைவி கொழும்புக் கட்சி. நான் முப்பது ஆண்டுகள் துறைமுகத்தை ஒட்டிய, சரக்குக்குச் சுங்க அனுமதி வாங்கித் தரும் கிளியரிங் அலுவலகம் ஒன்றில் எழுத்தராக இருந்தவன். தூரத்தையும் நாளையும் கூட்டிக் கழிக்காமல் எனக்குத் தூக்கம் வராது.

முதலில் தூரம். மீனம்பாக்கத்திலிருந்து சாங்கி விமான நிலையம், உலக உருண்டையின் மேல் நூல் பிடித்தால், ஏறத்தாழ 2,920 கிலோமீட்டர். வங்காள விரிகுடாவைக் கடந்து, கிரேட் நிக்கோபாரின் தென்முனைக்குப் பக்கமாகப் போய், மலாக்கா நீரிணையின் தலைமாட்டில் நுழைகிற கோடு அது. மணிக்கு 850 கிலோமீட்டர் என்று வைத்தாலும் மூன்றரை மணி நேரத்திற்குள் முடிய வேண்டும். முடிவதில்லை. மேலே ஏறுவதும் கீழே இறங்குவதும் மெதுவாகத்தான் நடக்கும்; ஓடுபாதைக்கு ஊர்ந்து போகும் நேரத்தையும், இறங்கியபின் நிற்குமிடத்துக்கு ஊர்ந்து வரும் நேரத்தையும் விமான நிறுவனங்கள் பயண நேரத்தில் சேர்த்தே எழுதுகின்றன. ஆக நாலு மணி நேரம் முதல் நாலரை வரை.

மச்சான் சொன்ன காற்றிலும் ஒரு கடுகளவு உண்மை உண்டு. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்னிந்தியாவின் தலைக்கு மேல் மிக உயரத்தில் கிழக்கிலிருந்து மேற்காக ஒரு பலத்த காற்றோட்டம் ஓடும். 1950களில் அதை ஆராய்ந்து எழுதியவர் நம் நாட்டு வானிலை அறிஞர் பி. கோடேஸ்வரம். அது 14, 15 கிலோமீட்டர் உயரத்தில்தான் உச்ச வேகம் எடுக்கிறது. பயணிகள் விமானம் அதற்குக் கொஞ்சம் கீழே பறக்கிறது. அந்த மாதங்களில் போகும்போது எதிர்காற்று, வரும்போது உந்துகாற்று. கிடைப்பதும் இழப்பதும் கால் மணி நேரமோ, மிஞ்சினால் அரை மணியோ. ஐந்து மணி நேரம் ஆகாது, மச்சான்.

இனி மாற்று வழிகள். வரைபடத்தை வைத்துக்கொண்டு இவற்றைப் பார்த்தபோது எனக்கே வியப்பாக இருந்தது. சென்னையிலிருந்து கோலாலம்பூர் 2,630 கிலோமீட்டர் அளவு. அங்கிருந்து சாங்கி 300க்குக் கொஞ்சம் உள்ளே. இரண்டையும் கூட்டினால் நேர் விமானம் போகும் தூரமேதான் வருகிறது. கோலாலம்பூர் சுற்றுவழியே இல்லை. சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கு இழுக்கும் நூலின் மேலேயே அந்த ஊர் உட்கார்ந்திருக்கிறது. கொழும்பு அப்படியில்லை. 640 கிலோமீட்டருக்கு மேல் தெற்கே இறங்கி, அங்கிருந்து 2,750 கிலோமீட்டர் கிழக்கே போக வேண்டும். கூடுதல் தூரம் 470 கிலோமீட்டர். விமானத்துக்கு அது அரை மணி நேர வேலை. பாங்காக் வழியும் ஒன்று இருக்கிறது. 700 கிலோமீட்டருக்கு மேல் கூடுதல். அதை யாரும் ஆதரிக்கவில்லை, நானும் விட்டுவிட்டேன்.

திருச்சியை ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். இராமநாதபுரம் பக்கத்து உறவினர் ஒருவர் தொலைபேசியில், "திருச்சியில் ஏறினால் சிங்கப்பூர் கிட்ட" என்றார். அவருக்குக் கிட்ட. வான்வழியில் திருச்சியிலிருந்து சாங்கி 2,980 கிலோமீட்டர், சென்னையைவிட அறுபது அதிகம். தெற்கே இருப்பதாலேயே சிங்கப்பூர் நெருங்கிவிடாது. திருச்சி மேற்கேயும் தள்ளி இருக்கிறது. தண்டையார்பேட்டைக்காரன் முதலில் முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் ரயிலில் போய் அந்த அறுபதைக் கூடுதலாகப் பறப்பானேன்?

ஆகத் தூரத்தை மட்டும் பார்த்தால் கோலாலம்பூர் கட்சியைக் குறை சொல்ல வழியில்லை. விலையையும் பார்த்தேன். நான் தேடிய நாட்களில் நேர் விமானத்தைவிட கோலாலம்பூர் வழியும் கொழும்பு வழியும் குறைவுதான். இரண்டு பேருக்கும் சேர்த்து மிச்சமாவது ஐயாயிரத்துச் சொச்சம். மஞ்சள் நீராட்டுக்கு வரிசை வைக்கிறவனுக்கு ஐந்தாயிரம் சின்னத் தொகை இல்லை.

ஆனால் நான் கொள்கலன்களோடு வாழ்ந்தவன். சென்னைத் துறைமுகத்திலிருந்து கிளம்பும் பெட்டி எத்தனையோ கொழும்பிலோ மலேசியாவின் போர்ட் கிளாங் துறைமுகத்திலோ இறங்கி, வேறு கப்பலுக்குக் காத்துக் கிடந்து, பிறகுதான் ஐரோப்பாவுக்கோ சீனாவுக்கோ போகும். டிரான்ஷிப்மென்ட் என்பார்கள். அந்தக் கணக்கில் கடல் மைல் யாருக்கும் தலைவலி தந்ததில்லை. தலைவலி எல்லாம் காத்துக் கிடக்கும் நாட்களில்தான். முதல் கப்பல் ஒரு நாள் தாமதித்தால் இரண்டாவது கப்பல் போய்விடும். பெட்டி ஒரு வாரம் முற்றத்தில் நிற்கும். சரக்குக்குத் தாகம் எடுக்காது, கழிப்பறை வேண்டாம், முழங்கால் வலிக்காது. அம்மாவை நான் கொள்கலனாக அனுப்ப முடியாது.

எனக்கே அந்த அனுபவம் ஒருமுறை நேர்ந்தது. சில ஆண்டுகளுக்கு முன் தனியாகப் போனேன். எந்த ஊர் வழி, எந்த நிறுவனம் என்பதெல்லாம் இப்போது வேண்டாம். இடைவெளி ஒரு மணி இருபது நிமிடம் என்று போட்டிருந்தது. சென்னையிலேயே முதல் விமானம் ஒரு மணி நேரம் தாமதித்துக் கிளம்பியது. அங்கே இறங்கி நீள நீளமான கூடங்களில் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். வாசலை மூடிவிட்டார்கள், கண்ணாடி வழியாக விமானம் தெரிந்தது, அவ்வளவுதான். ஒரே பயணச்சீட்டாக வாங்கியிருந்ததால் அடுத்த விமானத்தில் இடம் கொடுத்தார்கள். அடுத்த விமானம் என்பது மறுநாள் காலை. இரவு முழுக்க இரும்பு நாற்காலியில் கால் நீட்ட இடமில்லாமல் கிடந்தேன். இரண்டு தனிச்சீட்டுகளாக வாங்கியிருந்தால் அந்த இடமும் கிடைத்திருக்காது. இரண்டாவது சீட்டுக்கான பணம் முழுக்கப் போயிருக்கும்.

இந்தத் தனிச்சீட்டு விஷயத்தை மச்சானுக்குப் புரியவைக்கத்தான் அதிக நேரம் ஆயிற்று. இணையத்தில் மலிவாகத் தெரிவது பலமுறை இப்படி ஒட்டுப்போட்ட சீட்டுதான்: சென்னை–கோலாலம்பூர் ஒரு நிறுவனம், கோலாலம்பூர்–சிங்கப்பூர் வேறொரு நிறுவனம். அப்போது நம் பெட்டி தானாக மாறாது. நாம் மலேசியாவுக்குள் நுழைந்து, பெட்டியை எடுத்து, மறுபடியும் போய் ஒப்படைக்க வேண்டும். கோலாலம்பூர் விமான நிலையத்தில் இரண்டு முனையங்கள் தனித்தனியாக நிற்கின்றன. ஏர் ஏசியா இரண்டாவதில், மலேசியா ஏர்லைன்ஸ் முதலாவதில். நடுவே ரயில் பிடிக்க வேண்டும். 2023 டிசம்பர் முதல் இந்தியர்களுக்கு மலேசியாவில் 30 நாள் வரை விசா தேவையில்லை என்பதால் உள்ளே நுழைவது முன்புபோல் கடினமில்லை. வருகை அட்டையை மட்டும் இணையத்தில் முன்கூட்டியே நிரப்பிவிட வேண்டும். மலிவு விமானங்களில் கையில் ஏழு கிலோவுக்கு மேல் கொண்டுபோக விடமாட்டார்கள் என்பதும், பெரிய பெட்டிக்குத் தனியாகக் காசு என்பதும் கணக்கில் சேரும். தங்கை காசிமேட்டு நெத்திலிக் கருவாடு கேட்டிருக்கிறாள், அம்மா இட்லிப் பொடி, வடகம், வரிசைத் தட்டுச் சாமான் என்று மூட்டை கட்டிக்கொண்டிருக்கிறார். அந்தப் பெட்டிக்குக் காசு கட்டிய பிறகு ஐந்தாயிரம் மிச்சம் மூவாயிரமாக இறங்கிவிட்டது.

மச்சான் விடவில்லை. கோலாலம்பூரிலிருந்து பேருந்தில் போய்விடலாம், சாங்கிக்கே போக வேண்டாம் என்றார். நான் முதலில் சிரித்தேன், பிறகு வரைபடத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டேன். உட்லண்ட்ஸ் சிங்கப்பூரின் வடக்கு ஓரம். மலேசியாவையும் சிங்கப்பூரையும் இணைக்கும் ஜோகூர் பாலம், 1924இல் திறந்தது, ஒரு கிலோமீட்டரை ஒட்டிய நீளம், நேராகத் தங்கை வட்டாரத்தில்தான் கொண்டுபோய் இறக்குகிறது. சாங்கி கிழக்கு ஓரத்தில் இருக்கிறது. அங்கிருந்து அவள் வீட்டுக்கு டாக்சியில் அரை, முக்கால் மணி, ரயிலில் ஒரு மணிக்கும் மேல். இளவட்டம் ஒருவன் தோள்பையோடு கோலாலம்பூரையும் பார்த்துவிட்டுப் போகிறான் என்றால் இது அருமையான வழி என்று நானே சொல்வேன். விமான நிலையத்திலிருந்து ரயிலில் பண்டார் தாசிக் செலாத்தான் பேருந்து முனையம், அங்கிருந்து 350 கிலோமீட்டர், ஐந்து ஆறு மணி நேரம்.

எல்லையில்தான் சிக்கல். பேருந்து இரண்டு முறை நிற்கும்: ஜோகூரில் மலேசியாவை விட்டு வெளியேற ஒருமுறை, பாலம் தாண்டிச் சிங்கப்பூரின் குடிநுழைவுச் சோதனைக்கு ஒருமுறை. சிங்கப்பூர்ப் பக்கம் மூட்டை முடிச்சோடு இறங்கி, மேலே ஏறி, வரிசையில் நின்று, மறுபடி இறங்கிப் பேருந்தைத் தேட வேண்டும். வெள்ளி மாலையும் பள்ளி விடுமுறையும் என்றால் அந்த ஒரு கிலோமீட்டர்ப் பாலத்தில் எவ்வளவு நேரம் போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. தங்கையிடம் கேட்டேன். "அம்மாவையா? வேண்டாம்ணா" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள்.

கொழும்புக் கட்சியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஏனென்றால் என் மனைவிக்கு அதில் இருந்த ஆர்வம், விமானத்தில் தரும் சாப்பாடும் தமிழ் அறிவிப்பும்தான். ஒரே நிறுவனம், ஒரே சீட்டு, பெட்டி தானாக மாறும், சென்னையும் கொழும்பும் ஒரே கடிகாரம். குறை ஒன்றுதான்: ஒன்றரை மணி நேரம் பறந்து, மூன்று மணி நேரம் காத்திருந்து, பிறகு நாலு மணி நேரம் பறக்க வேண்டும். இடைவெளி மூன்று மணி என்றால் நல்ல இடைவெளி. நான் பார்த்த சில நாட்களில் அது ஏழு, எட்டு என்று இருந்தது.

இப்போது வாசலிலிருந்து வாசல். வீட்டிலிருந்து விமான நிலையத்துக்கு ஒரு மணி, அங்கே மூன்று மணி நேரம் முன்னால். இது எல்லா வழிக்கும் பொது. நேர் விமானத்தில் அதன்பின் நாலே கால், இறங்கி வெளியே வர ஒன்று, உட்லண்ட்ஸுக்கு முக்கால்: ஆகப் பத்து மணி நேரம். ஒரே சீட்டில் கோலாலம்பூர் வழி, இடைவெளி இரண்டரை என்றால், பதின்மூன்றரை. கொழும்பு வழி பதினாலு, பதினைந்து. கோலாலம்பூர், பிறகு பேருந்து என்றால் நல்ல நாளிலேயே பதினேழு. வானத்தில் எந்த வழியிலும் பெரிய வித்தியாசம் இல்லை. நாலே காலுக்கும் ஐந்தரைக்கும் நடுவில்தான் எல்லாம். மீதி முழுக்கத் தரையில் கழிகிறது.

தரை என்றதும் வடசென்னைக்காரனுக்கு இன்னொரு கணக்கு இருக்கிறது, தென்சென்னையில் இருக்கிறவர்களுக்கு அது புரியாது. மீனம்பாக்கம் அவர்களுக்குக் கொல்லைப்புறம். நமக்கு ஊரின் இந்த முனையிலிருந்து அந்த முனை. முன்பெல்லாம் எண்ணூர் சாலையில் துறைமுகத்துக்கு வரிசை கட்டி நிற்கும் டிரெய்லர்களுக்கு நடுவே டாக்சி நுழைந்து, ராஜாஜி சாலையைத் தாண்டுவதற்குள்ளேயே ஒரு மணி நேரம் போய்விடும். இல்லையென்றால் கடற்கரை நிலையத்தில் மின்சார ரயில் ஏறித் திரிசூலத்தில் இறங்கி, பெட்டியோடு சுரங்கப்பாதைப் படிகள். 2021 பிப்ரவரி 14 அன்று வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை மெட்ரோ நீண்டதே, அது நம் பக்கத்துக்குச் செய்த உபகாரம் கொஞ்சநஞ்சமல்ல. தண்டையார்பேட்டையில் லிஃப்டில் இறங்கினால் வண்டி மாறாமல் விமான நிலையத்திலேயே போய் இறங்கலாம். உயர்ந்தபட்சக் கட்டணமே 50 ரூபாய். திருவொற்றியூர்த் தேரடியிலிருந்து வருகிறவர்களுக்கும் இதே வண்டிதான். (பரந்தூரில் புது விமான நிலையம் வந்து, சிங்கப்பூர் விமானங்களும் அங்கே போய்விட்டால் எழுபது கிலோமீட்டருக்கு என்ன செய்வோம் என்று மட்டும் இப்போது கேட்காதீர்கள்.)

மெட்ரோ காலை ஐந்து மணி வாக்கில் தொடங்கி இரவு பதினோரு மணி வாக்கில் அடங்கிவிடுகிறது. விமானத்தைத் தேர்ந்தெடுக்கும்போது நான் முதலில் பார்ப்பது இதைத்தான். காலை ஆறு மணி விமானம் என்றால் மூன்று மணிக்கு அங்கே நிற்க வேண்டும். மெட்ரோ கிடையாது, இரவெல்லாம் தூக்கமும் கிடையாது, டாக்சிக்காரர் கேட்பதைக் கொடுக்க வேண்டும். காலை பத்து மணிக்கு மேல் கிளம்பும் விமானம் என்றால் முதல் வண்டிகளில் ஒன்றைப் பிடித்துப் போகலாம். நள்ளிரவை ஒட்டிக் கிளம்புவதும் பரவாயில்லை, எட்டு, ஒன்பது மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்பினால் போதும். ஆனால் இரவு 11 மணி விமானம் சிங்கப்பூரில் 5.45க்கு இறக்கும்போது அம்மாவின் உடம்புக்கு அது மூன்றே கால் மணி. இரண்டரை மணி நேரத்தை ஒரே இரவில் தின்றுவிட்டுப் போய் நிற்க வேண்டும். பகல் விமானத்தில் அந்த இழப்பு மாலையில் கழிந்துவிடும். போனதும் சாப்பிட்டுப் படுக்கலாம்.

எங்கள் தாத்தா ரஜூலா கப்பலில் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போய்வந்தவர். 1926 முதல் ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் சென்னைத் துறைமுகத்திலிருந்து ஓடிய கப்பல் அது. ஒரு வாரப் பயணம், மேல்தளத்தில் பாய் விரித்து. அதற்குப் பின் வந்த எம்.வி. சிதம்பரம் 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் தீப்பிடித்ததோடு அந்தக் கடல்வழி முடிந்தது. நாங்கள் மணிக்கணக்கைப் பிய்த்துக்கொண்டிருந்தபோது அம்மா, "அப்பா ஏழு நாள் போனார், ஒரு நாளும் இவ்வளவு பேசியதில்லை" என்றார்.

முடிவு: நேர் விமானம், போகும்போது பகலில். மிச்சமாகாத மூவாயிரத்தை நான் நாலு மணி நேரத்துக்குக் கொடுத்த விலையாக எழுதிக்கொண்டேன். தனி ஆளாக, முப்பது வயதில், கைப்பையோடு என்றால் ஒரே சீட்டில் கோலாலம்பூர் வழியை வாங்கியிருப்பேன். இடைவெளி இரண்டு மணிக்குக் குறையாமல் பார்த்துக்கொள்வேன். அம்மாவுக்குச் சக்கர நாற்காலி வேண்டும் என்று சீட்டு வாங்கும்போதே பதிந்துவிட்டோம். சிங்கப்பூர் விசாவுக்கு மண்ணடியில் தெரிந்த முகவரிடம் பாஸ்போர்ட்டுகள் போயிருக்கின்றன. ஆறு மாதத்துக்கு மேல் காலம் பாக்கி இருக்கிறதா என்று அவர் முதலில் அதைத்தான் பார்த்தார். சிங்கப்பூர் வருகை அட்டையை இறங்கும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். அது இலவசம், காசு கேட்கும் தளங்களில் போய் மாட்டிக்கொள்ளாதீர்கள்.

திரும்பும் விமானம்தான் மச்சான் காட்டிய அதே 9.45. இறங்கிப் பெட்டி எடுத்து வெளியே வருவதற்குள் பத்தே முக்கால் ஆகிவிட்டால் கடைசி மெட்ரோ கைவிட்டுவிடும். அதற்கு ஒரு வழி செய்துவைத்திருக்கிறேன். இரவு பத்து மணிக்கு வண்டியோடு வந்து நிற்க வேண்டும் என்று மச்சானிடம் சொல்லியாயிற்று. ஒன்றே முக்கால் மணி நேரத்தில் வந்துவிடுவோம் என்று அவரே கணக்குப் போட்டவர்தானே.